காலை எட்டு மணிக்கு முன் வந்த கோரிக்கைகள்: ஒப்பந்த ஏபிஐயுடன் மூன்று ஆண்டுகள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் மொத்தம் பதினெட்டுப் பேர். பெரிய கட்டுமானக் குத்தகை நிறுவனங்களிடம் வேலை எடுக்கிறோம்; எங்களுக்குக் கீழேயும் துணைக் குத்தகையாளர்கள் இருக்கிறார்கள். 2022 இறுதியில் ஒப்பந்தங்களைப் பராமரிக்க ஒரு மென்பொருள் வாங்கினோம். குறைகளையும் சொல்லப்போவதால் அதன் பெயர் வேண்டாம். மற்றவர்கள் அதன் திரையைப் பார்த்து வேலை செய்கிறார்கள். நான் பெரும்பாலும் அதன் ஏபிஐயுடன்தான் காலம் கழித்திருக்கிறேன். பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்காமல், நாம் எழுதிய நிரலே சேவையகத்திடம் கேட்டுப் பதிவுகளை வாங்கி வரும் வழி அது.

அதற்கு முன்பு மாதக் கடைசி என்றாலே வேலையின் அளவையும் மதிப்பையும் கணக்கிடும் எங்கள் குவான்டிட்டி சர்வேயருக்குக் கண்ணைக் கட்டும். அலுவலகம் முழுவதும் அவரை அக்கா என்றுதான் அழைக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒப்பந்தத் தொகை, இதுவரை கோரியது, சான்றளிக்கப்பட்டது, பிடித்தம் என்று எக்செலில் தட்டுவார். ஒன்றரை நாள் போய்விடும். இப்போது காலை 6 மணிக்கு என் நிரல் ஓடி நான்கு நிமிடத்தில் பட்டியலை அனுப்பிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் பதிவு வந்து சேர்வது வேறு, அது சரியாக வந்து சேர்வது வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

எங்கள் தொழிலில் 'சோபா' என்றால் உட்காரும் பொருள் அல்ல. கட்டுமானத் துறையில் செய்த வேலைக்குப் பணம் கிடைப்பதை உறுதிசெய்ய 2005 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டத்தின் செல்லப்பெயர் அது. கட்டணக் கோரிக்கை, அதாவது கிளைம், கையில் வந்தால், ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள் பதில் தர வேண்டும். அந்தக் கெடு 21 நாளைத் தாண்டக் கூடாது. பதிலில் சொல்லாத காரணத்தைக் காட்டிப் பணத்தைப் பிடித்துவைக்கப் பின்னால் நடுவரிடம் வாதாட முடியாது. ஆகவே தேதிதான் எங்களுக்கு உயிர்.

2024 அக்டோபர் 15, காலை 7.10 மணிக்கு ஒரு துணைக் குத்தகையாளர் கிளைம் பதிவேற்றினார். என் பட்டியலில் அது அக்டோபர் 14 என்று வந்தது. ஏபிஐ எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் தருகிறது. சிங்கப்பூர் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை எட்டுக்கு முன் நடப்பதெல்லாம் அங்கே முந்தைய நாள். நேரத்தின் வாலில் 'இசட்' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் தேதியை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு வாலை எறிந்துவிட்டேன். வேலைத்தளத்து ஆட்கள் விடியற்காலையில் வேலை தொடங்குபவர்கள் என்பதால் எங்கள் பதிவுகளில் பாதி இந்த வலையில் விழும்.

இன்னொரு பிழையும் சேர்ந்துகொண்டது. அந்தச் சட்டத்தில் பொது விடுமுறை நாள் கணக்கில் சேராது. அக்டோபர் 31 தீபாவளி. ஆக 21 நாள் கெடு உண்மையில் நவம்பர் 6 வரை. என் நிரலோ 14ஆம் தேதியிலிருந்து நாட்காட்டி நாட்களாக எண்ணி நவம்பர் 4 என்றது. இரண்டு பிழையும் கெடுவை முன்னுக்கு இழுத்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. வலிக்காத பிழையை யார் தேடப்போகிறார்கள்?

பட்டியல் அடிக்கடி ஓரிரு நாள் முந்துகிறது என்று நம் ஆட்கள் கண்டுகொண்டார்கள். அதை என்னிடம் சொல்லவில்லை, சலுகையாக எடுத்துக்கொண்டார்கள்! சில மாதம் கழித்து இன்னொரு கிளைம் பிற்பகலில் வந்தது. நடுவில் விடுமுறையும் இல்லை. அதனால் அந்தக் கெடு மட்டும் துல்லியமாக இருந்தது. 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று நினைத்து, கெடு முடிந்த மறுநாள் காலை 7.40க்குப் பதில் அனுப்பினார்கள். என் பட்டியலோ அதை முந்தைய நாளில் போட்டு, கெடுவுக்குள் அனுப்பியதாகப் பச்சை நிறம் காட்டியது. மின்னஞ்சலைப் பார்த்த அக்கா, "தம்பி, இது இன்று காலையில்தானே போனது?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. கெடு முடிந்த பின்னும் ஏழு நாள் சர்ச்சைத் தீர்வுக் காலம் உண்டு, அதற்குள் பதில் தரலாம் என்பதால் தப்பித்தோம். குற்றம் ஏபிஐ மேல் பாதி, என் மேல் பாதி. அதன் கையேட்டில் இந்த விஷயம் எண்பதாம் பக்கத்து அடிக்குறிப்பில் கிடந்தது.

அடுத்த குறை இதைவிட மோசம், ஏனென்றால் இதற்கு என்னால் மருந்து போட முடியாது. 'விஓ' என்று நாங்கள் சொல்லும் மாற்று வேலை உத்தரவின் தொகையை யாராவது திருத்தினால், ஏபிஐ புதிய தொகையை மட்டுமே தருகிறது. பழைய தொகை என்ன, யார் மாற்றினார் என்பது திரையில் தெரியும், ஏபிஐயில் இல்லை. அதனால் தினமும் வரும் பதிலை அப்படியே, ஒரு எழுத்தும் தொடாமல், தேதியிட்டுச் சேமித்து வைக்கிறேன். நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட்டால் மாற்றம் பிடிபடும். இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்கவில்லை.

பக்கம் பக்கமாக, நூறு நூறாகப் பதிவுகள் வரும். எடுத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது புதிதாகச் சேர்த்தால் ஒன்று இருமுறை வரும். பதிவு எண்படி வரிசைப்படுத்திக் கேட்டதும் அது நின்றது.

நிறுவனப் பெயர்கள் தனிக் கதை. ஒரே துணைக் குத்தகையாளர் 'பிரைவேட் லிமிடெட்', 'பிடிஇ', புள்ளி வைத்தது, வைக்காதது என்று நான்கு உருவில் இருந்தார். 2009 முதல் நடப்பில் இருக்கும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக உள்ள யூஇஎன் பதிவெண்ணைச் சாவியாக வைத்த பிறகுதான் நான்கு பேரும் ஒருவரானார்கள்.

அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளமான டேட்டா.ஜிஓவி.எஸ்ஜியையும் கூடவே பயன்படுத்துகிறேன். அரசாங்கக் கொள்முதல் தளமான ஜீபிஸ் வழியாகக் கொடுக்கப்பட்ட ஏலக்குத்தகைகளின், அதாவது டெண்டர்களின், எண், விவரம், அமைப்பு, கொடுத்த நாள், நிறுவனம், தொகை எல்லாம் அங்கே கிடைக்கின்றன. எங்களுக்கு மேலே இருக்கும் முதன்மைக் குத்தகையாளர் எந்தத் தொகைக்கு வேலை எடுத்தார் என்று பார்க்க அது போதும். கொடுக்கப்பட்ட தொகைதான் அதில் இருக்கும், பின்னால் வந்த விஓக்கள் இருக்காது. ஒரே ஏலக்குத்தகை பல நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டால் ஒரே எண் பல வரிசைகளில் வரும். எண்ணிக்கை போடும்போது கவனம் வேண்டும்.

எங்கள் மென்பொருளுக்கு டிசம்பரில் சந்தா புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்போம், ஒன்றரை நாள் வேலைக்குத் திரும்ப அக்கா சம்மதிக்க மாட்டார். விஓ திருத்த வரலாற்றை ஏபிஐயில் சேர்க்கச் சொல்லி மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை.