காவல்துறை தளத்தில் எஃப்ஐஆர் பார்க்கும் சேவை: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

"உங்க மேல ஒரு கேஸ் இருக்கு, ஸ்டேஷனுக்கு வாங்க" என்று போன் வந்ததும், செய்யாத குற்றத்துக்கு விளக்கம் சொல்ல ஓடுபவர்கள்தான் அதிகம். என்ன புகார் என்றே படிக்காமல் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் சொன்னவரையே சிக்க வைக்கும். அதனால் முதலில் எஃப்ஐஆரைப் படிக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இ-சர்வீசஸ் தளம் அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

இந்த வசதி அரசு போட்ட பிச்சை அல்ல. 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய இணைப்பு மோசமான இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகள் ஏறாது.

மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எஃப்ஐஆர் எண் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. எண் தெரியாதவர்தான் திணறுவார், குற்றம் சாட்டப்பட்டவருக்கு எண் தெரிந்திருப்பது அரிது. போன் செய்த காவலரிடமே நிலையத்தின் பெயரையும் எண்ணையும் கேட்டுவிடுவது நல்லது. தாம்பரமும் ஆவடியும் 2022 முதல் தனி ஆணையரகங்கள் என்பதால், முகவரியில் சென்னை என்று இருக்கிறதே என்று அங்கே மட்டும் தேடிவிட்டு 'வழக்கே இல்லை' என்று நிம்மதியாகிவிடக் கூடாது. வெறும் சிஎஸ்ஆர் ரசீதோடு (புகாரைப் பெற்றதற்கு நிலையத்தில் தரும் சீட்டு) விசாரணை நடந்தால் எஃப்ஐஆர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

கையில் கிடைத்த எஃப்ஐஆரில் எல்லோரும் நேராகக் கதைப் பகுதிக்குப் போய்க் கொதிப்பார்கள். வழக்கறிஞர் கண் முதலில் போவது எண்களுக்கு. மூன்றாம் பத்தியில் சம்பவம் நடந்த நாளும் நேரமும், அதன் கீழேயே நிலையத்துக்குத் தகவல் வந்த நேரமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நான்கு நாள் இடைவெளி என்றால் எட்டாம் பத்தியைப் பாருங்கள். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடம் அது. அங்கே ஒன்றும் எழுதப்படாமல் இருந்தால் முன்ஜாமீன் மனுவுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஏழாம் பத்தியில் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) பெயரோடு 'மற்றும் சிலர்' என்று இருந்தால், பிறகு யாரையும் சேர்க்கக் கதவு திறந்திருக்கிறது. கடைசியில் நீதிமன்றத்துக்கு அனுப்பிய நேரம் இருக்கும். அது வெகுநேரம் பிந்தியிருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரிவுகள். வேலித் தகராறு, வாடகைத் தகராறுப் புகார்களில் புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 296(பி), 115(2), 351(3) என்ற மூன்றும் அச்சடித்தாற்போல் வரும்: ஆபாசமாகத் திட்டினார், அடித்தார், கொன்றுவிடுவேன் என்றார். பழைய ஐபிசியின் 294(பி), 323, 506(2) தான் இவை. இவற்றில் மிகக் கடுமையானதற்கும் அதிகபட்சம் ஏழு ஆண்டுதான். ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்ய முடியாது. கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவையில்லை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 35(3)இன் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் தவறாமல் போங்கள், போகாவிட்டால் அதையே காரணம் காட்டிக் கைது செய்யலாம். விசாரணையில் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு எச்சரிக்கை: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் மனு. 2024 ஜூலை முதல் பிஎன்எஸ்எஸ்ஸில் அதே எண் முன்ஜாமீனுக்கு, ரத்து மனு 528. இணையத்தில் பழைய கட்டுரையைப் படித்துவிட்டுப் பேசினால் குழப்பம்தான்.

எஃப்ஐஆரில் உள்ள நேரம் தெரிந்ததும் சாட்சியம் சேர்க்கும் வேலை அன்றைக்கே தொடங்க வேண்டும். கடை, அபார்ட்மென்ட் சிசிடிவிகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். சிலவற்றில் பதினைந்து நாள்கூடத் தாங்காது. காட்சியை டிவிஆரிலிருந்து (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டி) நேராகப் பென்டிரைவில் எடுக்க வேண்டும், திரையை மொபைலில் படம்பிடித்தால் பயனில்லை. புதிய சாட்சியச் சட்டம் 63(4)இன்படி சான்றிதழும், அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும். அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று காட்டும் ஃபாஸ்டேக், யுபிஐ விவரங்கள் அவசரமில்லை, பிறகும் எடுக்கலாம்.

தளத்தின் பெரிய ஓட்டை இதுதான்: கிடைப்பது முதல் தகவல் அறிக்கை மட்டும். பிறகு பிரிவை 'ஆல்டர்' செய்திருந்தால், அதாவது மாற்றியிருந்தால், அந்த விவரம் நீதிமன்றக் கோப்பில்தான் இருக்கும். எஃப்ஐஆரே ஏறவில்லை என்றால் மாவட்ட எஸ்பியிடமோ ஆணையரிடமோ நகல் கேட்டு எழுத்தில் மனு கொடுக்கலாம், நீதிமன்றத்திலும் நகல் மனு போடலாம். நீதிமன்றத்தில் போட்டால் இரண்டு வேலை நாளுக்குள் நகல் தர வேண்டும். குற்றப்பத்திரிகை போய் நீதிமன்றம் கோப்பில் எடுத்த பிறகு இந்தத் தளத்தால் வேலையில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் அதே எஃப்ஐஆர் எண்ணைப் போட்டுத் தேடினால் வாய்தா தேதி வரும்.