ஒரிஜினல் ஓவியம் என்று நம்பி 72,000 ரூபாய் போனது, நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். ஓவியம் விற்பதற்கென்றே இருக்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் 72,000 ரூபாய் கட்டி மிக்சட் மீடியா ஓவியம் (பெயிண்ட், காகிதம் என்று பல பொருட்களைச் சேர்த்துச் செய்வது) ஒன்று வாங்கினேன். வந்திருப்பது பிரிண்ட். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

2020இல் சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் ஆளுயரத்துக்கு மேலே பெரிது பெரிதாக வரைந்தார்களே, அதைப் போய்ப் பார்த்த நாளிலிருந்தே எனக்குத் தெரு ஓவியம் என்றால் உயிர். அப்படிச் சுவரில் வரைந்து வந்த ஒருவர் கையால் செய்தது ஒன்று எங்கள் ஹாலில் மாட்ட வேண்டும் என்று சீட்டு எடுத்த பணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். இந்தத் தளத்தில் ஒரு பூக்காரம்மா முகம் கண்ணில் பட்டது. அடுக்கடுக்காக ஒட்டிக் கிழித்த சினிமா போஸ்டர், அதன் மேல் ஸ்டென்சில் (உருவம் வெட்டிய அட்டை) வைத்து அடித்த ஸ்ப்ரே, கன்னத்தோரம் வழிந்து நிற்கும் சிவப்புப் பெயிண்ட். ஒரிஜினல், ஒன்றே ஒன்று என்று போட்டிருந்தது.

வாட்ஸ்அப்பில் கேட்டேன், உடனே போன் வந்தது. அந்தத் தம்பி பேசியது எங்கள் மதுரைப் பேச்சு. "அக்கா, இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு, நீங்க ஆசைப்பட்டீங்கன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். ஓவியர் ஸ்ப்ரே அடிப்பது போல ஒரு வீடியோவும் அனுப்பினார், அதில் கை மட்டும்தான் தெரிந்தது, முகம் இல்லை. அந்த "அக்கா"வில்தான் நான் விழுந்தேன். பத்து நிமிடத்தில் 72,000 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

படம் வந்தது, சட்டம் போடக் கொண்டுபோனேன். பிரேம் கடைக்காரர் போஸ்டர் கிழிசலின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை. ஒட்டிய காகிதம் என்றால் ஓரம் தட்ட வேண்டாமா? லென்சை என் கையில் கொடுத்தார், பூக்காரம்மாவின் கண்ணுக்குள் பொடிப் பொடியாக நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள், அச்சடித்த படத்தில் இருப்பது போல. மேலே தெளிவான ஜெல்லைப் பிரஷ்ஷால் இழுத்துவிட்டிருக்கிறார்கள், கை வேலை போலத் தெரிவதற்கு. நிஜ ஸ்ப்ரே ஒரே ஒரு மூலையில் மட்டும். அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்புறம் போன் செய்தால் அக்கா எல்லாம் காணாமல் போய் "மேடம்" ஆகிவிட்டது. செக் பண்றோம் மேடம். இரண்டு நாள் கழித்து, மிக்சட் மீடியா என்றால் பிரிண்டும் சேர்ந்ததுதான் மேடம். பிரிண்ட் மேல் வேலை செய்வதும் ஒரு முறைதான், எனக்கும் தெரியும், ஆனால் அதை எழுதியல்லவா விற்க வேண்டும்? கூட வந்த சான்றிதழில் ஓவியரின் கையெழுத்தே இல்லை, தளத்தின் முத்திரை மட்டும். ரிட்டர்ன் கேட்டதற்கு, பிரித்த பார்சலை எடுக்க மாட்டோம் என்றார்கள். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 72,000 ரூபாய்!

என் சொந்த அக்கா மகன் ஆறுதலாக ஒன்று சொன்னான். 2022இல் அமெரிக்காவில் ஒர்லாண்டோ மியூசியத்திலிருந்து, பாஸ்கியா என்ற பிரபல அமெரிக்க ஓவியர் வரைந்ததாக மாட்டியிருந்த 25 படங்களை எஃப்.பி.ஐ. அள்ளிக்கொண்டு போனதாம். 1982இல் வரைந்தது என்றார்களாம், ஆனால் ஒரு படம் வரைந்திருந்த அட்டையில் இருந்த ஃபெட்எக்ஸ் கூரியர் கம்பெனியின் எழுத்து வடிவம் 1994க்கு முன்னால் புழக்கத்திலேயே இல்லாததாம். மியூசியமே ஏமாந்தது என்றால் என் பணம் திரும்பி வந்துவிடுமா?

சரி, சொல்கிறேன் என்றேனே. படத்தைப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து வீடியோ கேளுங்கள், பின்பக்கத்தையும் கேளுங்கள். ஓவியரிடமே நேராக எழுதிக் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள், நான் ஒன்பது நாள் தாமதித்துவிட்டேன்.

இதே பூக்காரம்மா படம் யார் வீட்டிலாவது இருந்தால் இடது கன்னத்தைப் பாருங்கள். சிவப்பு இரண்டாக வழிந்து, ஒன்று தாடைக்கு மேலேயே நின்றிருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.