பிரிக்ஸ் மீட்டருக்குத் தெரியாத துவர்ப்பு: மாங்கூழுக்கு எந்த மின்நாக்கு?

காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில் ஜூன் மாதக் காலை. மேசையில் இரண்டு டப்பா பெங்களூரா கூழ். இரண்டுக்கும் பிரிக்ஸ் 15, புளிப்பளவும் ஏறக்குறைய ஒன்றே. ருசி பார்க்கும் அக்கா இரண்டாவதை நாக்கில் வைத்தார். "அடிநாக்குல துவர்க்குது தம்பி, இதைத் தனியா வை." தோலும் சேர்ந்து அரைபட்ட கூழ் அது. கரைந்திருக்கும் சர்க்கரை முதலானவற்றை ஒளிவிலகலை வைத்துச் சொல்வதோடு பிரிக்ஸ் மீட்டரின் வேலை முடிந்தது. அக்காவுக்கோ பத்துப் பதினைந்து சாம்பிளுக்குமேல் நாக்கு மரத்துவிடும்.

இந்த இடத்துக்குத்தான் மின்நாக்கு, அதாவது சென்சார்களைத் திரவத்தில் முக்கிச் சுவையை மின்சமிக்ஞையாக அளக்கும் கருவி. ஆனால் அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு சாதனங்கள் இருக்கின்றன.

நமக்கு நெருக்கமானது ஜப்பான் வகை. கியூஷூ பல்கலைக்கழகத்தில் கியோஷி டோகோ குழு 1990ஐ ஒட்டி உருவாக்கியது. கொழுப்புப் பொருளும் பாலிமரும் கலந்த மெல்லிய படலங்கள். புளிப்புக்கு ஒன்று, கசப்புக்கு ஒன்று, துவர்ப்புக்கு ஒன்று. முதலில் பொட்டாசியம் குளோரைடும் துளி டார்டாரிக் அமிலமும் கலந்த கரைசலில் முக்கி மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும். உமிழ்நீருக்குப் பதில் அதுதான். (நம் புளியின் புளிப்பும் டார்டாரிக் அமிலம்தான். மெஷினின் 'சப்'பென்ற சுவையிலேயே ஒரு சிட்டிகை புளி!) அடுத்து சாம்பிள். பிறகு லேசாக அலசி, மறுபடி அதே கரைசல். படலத்தில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது எவ்வளவோ, அதுவே பின்சுவை. அக்கா சொன்ன 'அடிநாக்கு' இங்கே எண்ணாகிறது. செறிவு 1.2 மடங்கானால் ஒரு அலகு. மனித நாக்குக்கு வித்தியாசம் தெரிய அந்த அளவு வேண்டும் என்பது கணக்கு. சர்க்கரைக்கு மின்னேற்றம் இல்லாததால் இனிப்பில் இது தடுமாறும், அதற்குத் தனி சென்சார் வேண்டும். நமக்கு அது பெரிய குறையில்லை, பிரிக்ஸ் மீட்டர்தான் இருக்கிறதே.

பிரான்சின் ஆல்ஃபா எம்ஓஎஸ் நிறுவனத்தின் அஸ்ட்ரீ வேறு மாதிரி. ஏழு டிரான்சிஸ்டர் சென்சார்கள் சேர்ந்து ஒரு வரைபடம் தரும். 'இந்த லாட் அந்த லாட் மாதிரி இல்லை' என்று துல்லியமாகக் காட்டும். எந்தச் சுவை மாறியது என்பதை நாம்தான் தேட வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் ஒப்புக்கொண்ட மாதிரியோடு லாட்டை ஒப்பிட நல்லது. துவர்ப்பைத் தேடுகிறவருக்கு அலைச்சல்.

மூன்றாவது, சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் வின்குவிஸ்ட் குழு 1997இல் வெளியிட்ட முறை. தங்கம், பிளாட்டினம் போன்ற உலோக முனைகளுக்கு மின்துடிப்பு கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தைப் பார்ப்பது. பால் கெடாமல் புதிதாக இருக்கிறதா என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். முனைகள் உறுதியானவை, குழாய்க்குள்ளேயே பொருத்தலாம். அழுக்கு படிந்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். தருமபுரியில் பால் பதப்படுத்துகிறவர் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மூன்றுக்கும் மணம் தெரியாது. அல்போன்சாவில் பாதி மணம்தானே! ஜப்பான், பிரான்ஸ் வகைகளுக்குக் கூழை நீர்க்கச் செய்து, நாரை வடிகட்டிக் கொடுக்க வேண்டிய வேலையும் உண்டு. எதை வாங்கினாலும் முதலில் அக்காவின் தீர்ப்புகளோடு அதன் எண்களைப் பொருத்திப் பழக்க வேண்டும்.

மாம்பழ சீசன் மூன்று மாதம். படலச் சென்சார்களுக்கு ஆயுள் அளவானது. மெஷின் மீதி மாதங்கள் சும்மா கிடந்தால் கட்டுப்படியாகாது. மாங்கூழ் மட்டும் போடும் ஆலைக்குப் பிரிக்ஸ் மீட்டர், பிஎச் மீட்டர், புளிப்பளவு பார்க்கும் பியூரெட் குழாய், அக்கா போதும். சீசன் முடிந்ததும் புளி பேஸ்ட்டும் போடுகிற ஆலையென்றால், ஜப்பான் வகைக்கு விலை கேட்டுப் பார்க்கலாம்.