லாயத்தில் சமர்த்தா, மைதானத்தில் சூரனா?

ஷோ ஜம்பிங்குக்காக, அதாவது தடை தாண்டும் போட்டிக்காக, முதல் குதிரை தேடுகிறவர்கள் பல குதிரைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் இந்த இரண்டு வகையில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று, லாயத்தில் சொன்னபடி கேட்கும், வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பதறும். இன்னொன்று, வீட்டில் அரைத் தூக்கத்தில் ஓடும், போட்டி மைதானத்தில் மணி அடித்ததும் காதை நிமிர்த்தும். எனக்கும் அப்படி ஒரு சாம்பல் நிறக் குதிரையும் ஒரு செவலையும் வந்தன. இரண்டுமே ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட், அதாவது பந்தய இனக் குதிரைகள். வயதும் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் வாங்கியது செவலையை, அதாவது வீட்டுச் சோம்பேறியை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கால், குளம்பு, பல், மூச்சு எல்லாம் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியவை. இரண்டும் அதில் தேறிவிட்டன என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

சாம்பலை அதன் சொந்த லாயத்தில் ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். கடிவாள வாரை லேசாகத் தொட்டால் போதும், வேகம் மாறும். கேண்டரில், அதாவது மிதமான பாய்ச்சலில், ஒரே தாளம். ஒரு மீட்டர் தடையைச் சத்தமில்லாமல் தாண்டும். வெளியூர் என்றால் கதை வேறு. லாரியிலேயே வியர்த்துவிடும், இறக்கியதும் கூட்டாளிக் குதிரையைத் தேடிக் கனைக்கும், கொள்ளையும் ஓட்ஸையும் தொடாது. தடைக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைத்த பூந்தொட்டியே அதற்குப் புலி. சர்வதேச விதிப்படி ஷோ ஜம்பிங்கில் குதிரை தடையைத் தாண்ட மறுத்தால், முதல் மறுப்புக்கு 4 பெனால்டி புள்ளி, இரண்டாவது மறுப்பில் வெளியேற்றம். பூந்தொட்டிக்கு ஒன்று, விளம்பரப் பதாகைக்கு ஒன்று என்றால் அன்றைய ஆட்டம் அதோடு சரி.

செவலை இதற்கு நேர் எதிர். வீட்டில் ஒவ்வொரு அடிக்கும் காலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் உயரக் கட்டையைக்கூடத் தட்டிவிட்டுப் போகும். அதையே போட்டிக்குக் கொண்டுபோய் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கிற இடத்தில் இறக்கினால் கழுத்து உயரும், நடை நீளும், முன்னங்காலை மடித்துக் கவனமாகத் தாண்டும். வேறு குதிரையைக் கொண்டுவந்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும்.

காரணத்தை அதன் பழைய வாழ்க்கையில் தேடலாம். ரேஸ் குதிரைக்கு விடியற்காலை என்றால் அமைதியான பயிற்சி, பந்தய நாள் என்றால் கூட்டம், அறிவிப்பு, பேடக் என்கிற அடைப்பில் சுற்றிக் காட்டுதல், அப்புறம் முழு ஓட்டம். கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டால் வேலை நேரம் என்று சில குதிரைகள் பதிந்து வைத்துக்கொள்கின்றன. அதே அனுபவத்திலிருந்து பயத்தை மட்டும் எடுத்துக்கொண்ட குதிரைகளும் உண்டு. ரேஸ் உலகத்துக்கு இந்த இரண்டு ரகமும் பழக்கம். காலைப் பயிற்சியில் கடிகாரத்தை அசத்திவிட்டுப் பந்தயத்தில் சோர்ந்துவிடுகிறதை ‘மார்னிங் குளோரி’ என்பார்கள். ரேஸ் புத்தகத்தில் வரும் பயிற்சி நேரங்களை மட்டும் நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர் ரகத்துக்கு அமெரிக்க ரேஸ் குதிரை சீபிஸ்கட் பெயர் போனது. பயிற்சியில் சோம்பேறி என்று பெயர் வாங்கிய அது, 1938 நவம்பர் 1 அன்று பிம்லிகோ மைதானத்தில், முந்தைய ஆண்டில் டிரிபிள் கிரவுன் எனப்படும் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற வார் அட்மிரல் என்ற குதிரையை நேருக்கு நேர் ஓடி 4 குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது.

உளவியலில் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908-ல் எலிகளை வைத்து எழுதிய ஒரு பழைய கருத்து உண்டு. அதிலிருந்து வளர்ந்த விதி இது: மனக் கிளர்ச்சி ஓர் அளவு வரை ஏற ஏற வேலை நன்றாக வரும், அதைத் தாண்டினால் கெடும். படமாக வரைந்தால் ஒரு மேடு மாதிரி இருக்கும். எலிக்குச் சொன்னதை அப்படியே குதிரைக்குப் பொருத்தலாமா என்று யாராவது கேட்டால் நான் வாதாட மாட்டேன். ஆனால் செவலை வீட்டில் அந்த மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது, போட்டியில் உச்சிக்கு வருகிறது. சாம்பல் வீட்டிலேயே உச்சியில் இருக்கிறது, போட்டியில் மறுபக்கம் சறுக்கிவிடுகிறது.

இதில் ஓட்டுகிறவருக்கும் பங்குண்டு. 2009-ல் வெளிவந்த ஒரு ஸ்வீடன் ஆய்வில், குதிரையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நான்கு முறை ஓட்டவோ பிடித்து நடத்தவோ சொன்னார்கள். நான்காவது முறை குதிரை கடக்கும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று ஆட்களிடம் முன்கூட்டியே சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் ஆளுக்கும் குதிரைக்கும் இதயத் துடிப்பு ஏறியது. போட்டியன்று என் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் படபடப்பு செவலைக்கு உரம், சாம்பலுக்கு விஷம்.

இதெல்லாம் இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கணக்கு: குதிரையின் குறையை எந்த இடத்தில் வைத்துச் சரிசெய்ய முடியும்?

செவலையின் குறை வீட்டில் இருக்கிறது. ஆக, மருந்தும் வீட்டிலேயே. வட்டமாக ஓட்டி ஓட்டிச் சலிக்க வைக்காமல் வெளியே தோப்பு வழியாகக் கூட்டிப்போகலாம். தரையில் கட்டைகளைப் போட்டு இடைவெளியை நாளுக்கு நாள் மாற்றலாம். பாடத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். வேறொரு குதிரையைப் பக்கத்தில் ஓடவிட்டால் சோம்பல் பாதி போகும். இதற்கெல்லாம் கூடுதல் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. இன்று சரியாக வரவில்லையா, நாளைக் காலை மறுபடி பார்க்கலாம். வீட்டில் அது உயரம் தாண்டிக் காட்ட வேண்டியதும் இல்லை. தடைகளைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம், அந்த அளவுக்குக் காலின் தேய்மானம் மிச்சம்.

சாம்பலின் குறை போட்டி மைதானத்தில் இருக்கிறது. அதை அங்கே போய்த்தான் சரிசெய்ய முடியும். ஒவ்வொரு பாடத்துக்கும் லாரி வாடகை, நுழைவுக் கட்டணம், அங்கே லாய வாடகை, கூட வரும் சைஸுக்கு (குதிரையைப் பராமரிப்பவருக்கு) தங்குமிடமும் சாப்பாடும், நமக்கு விடுமுறை. இவ்வளவும் செலவழித்தால் கிடைப்பது வார்ம்-அப்பையும் சேர்த்து ஒரு மணி நேரப் பாடம். நம் பக்கத்தில் போட்டிகள் வாரா வாரம் நடப்பதில்லை. ஒரு போட்டியில் கொஞ்சம் தைரியம் பெற்ற குதிரை, அடுத்தது வருவதற்குள் அதை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். வீட்டிலேயே ஒலிபெருக்கி வைத்து, பூந்தொட்டி அடுக்கி, பதாகை கட்டிப் பழக்கலாமே என்பார்கள். ஓரளவு பலன் உண்டு. ஆனால் நூறு அந்நியக் குதிரைகளின் வாடையையும் லாரிப் பயணத்தின் களைப்பையும் வீட்டில் உண்டாக்க முடியாது. மயக்கத் தன்மையுள்ள ஊசி போட்டு அமைதிப்படுத்தும் குறுக்கு வழியைச் சிலர் காதில் ஓதுவார்கள். போட்டி விதிகளில் அதற்கு அனுமதி இல்லை. கால் தடுமாறுகிற குதிரையைத் தடை தாண்ட விடுவது உயிரோடு விளையாட்டு என்பது வேறு.

விற்கும்போது நிலைமை தலைகீழ். வாங்க வருகிறவர் லாயத்துக்கு வந்து ஓட்டிப் பார்ப்பார். அங்கே சாம்பல் தன்னைத் தானே விற்றுக்கொள்ளும், செவலை உரிமையாளரின் மானத்தை வாங்கும். இதே காரணத்தால் செவலை போன்ற குதிரைகள் வாங்கும்போது பேரம் படிவதும் உண்டு. விற்க நினைத்தால் போட்டி மைதானத்துக்கே வரச் சொல்வதுதான் வழி. நான் இன்னும் விற்றதில்லை, அதனால் இது எவ்வளவு எடுபடும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

செவலை வகையில் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. வீட்டில் மந்தமாக இருப்பது குணமாகவும் இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம். ரேஸ் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சகஜம். சேணம் பொருந்தாமல் முதுகு நோகலாம், உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தைக் குறைத்திருக்கலாம். போட்டி நாளின் அட்ரினலின் இதையெல்லாம் கொஞ்ச நேரம் மறைத்துவிடும். ஆகவே ‘மைதானத்தில் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்ற பதிலை ஏற்காமல் ரத்தப் பரிசோதனை, முதுகு, சேணம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சோம்பேறிப் பட்டம் கொடுக்க வேண்டும்.

நான் பேசுவதெல்லாம் ஒரு மீட்டருக்குள் அடங்குகிற ஷோ ஜம்பிங்கைப் பற்றி. குதிரையின் நடையையும் கட்டுப்பாட்டையும் மதிப்பிடும் டிரெசாஜில் கதை மாறலாம். அங்கே துல்லியம்தான் மதிப்பெண். கூடுதல் உற்சாகம் அமைதியான நடையைக் கெடுக்கும், அன்றாடப் பயிற்சியின் தரமும் இன்னும் முக்கியம். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. போட்டியே வேண்டாம், காலையில் ஒரு மணி நேரம் நிம்மதியாக ஓட்டினால் போதும், பிள்ளைகளும் அதில் பழக வேண்டும் என்கிறவர்களுக்கு நானே சாம்பலைத்தான் காட்டுவேன். குளிர்ந்த தலையும் போட்டி அனுபவமும் உள்ள ஓட்டுநர் கையில் சாம்பல் தேறிவிடவும் வாய்ப்புண்டு. என் கை அப்படிப்பட்டதல்ல.

வாங்கப் போகிறவர்கள் எந்த ரகமானாலும் இரண்டு இடத்திலும் பாருங்கள். போட்டியில் பார்க்க வழியில்லை என்றால், விற்பவரின் சம்மதத்தோடு லாரியில் ஏற்றிப் பக்கத்து ரைடிங் கிளப்புக்குக் கொண்டுபோய் இறக்கி, கூட்டாளிக் குதிரை இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அதற்கான லாரி வாடகையை நீங்களே கொடுத்துவிடுங்கள், குதிரை விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.