காது மிஷினும் போனும்: யாங்கூனில் நான் ஏன் டெலிகாயில் பக்கம்

அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கப் போனபோது இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று சார்ஜ் போடும் புளூடூத் மிஷின், போனில் பேசுபவர் குரல் நேராக அதற்குள் வந்துவிடும். இன்னொன்று காதுக்குப் பின்னால் மாட்டும் பழைய மாதிரி. பட்டன் பேட்டரி, உள்ளே டெலிகாயில் என்ற கம்பிச்சுருள், போனிலிருந்து வரும் காந்த அலையைப் பிடித்துக் குரலாகத் தரும். இரண்டாவதைத்தான் எடுத்தோம். இங்கே பெரியவர்களுக்கு வாங்குகிற யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கேட்கிற தெளிவில் புளூடூத்தான் மேல், அதில் பேச்சே இல்லை. இரண்டு காதிலும் குரல் வரும். ஆனால் எல்லா மிஷினும் எல்லாப் போனோடும் சேராது. சிலது ஐபோனோடு மட்டும் நேராகச் சேரும். ஆண்ட்ராய்டில் போன் நேராக மிஷினோடு சேரும் ‘ஆஷா’ முறை 10ஆம் பதிப்போடு வந்தது, அப்போதும் போன் கம்பெனி அதைச் சேர்த்திருக்க வேண்டும். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் போனிலேயே இணைத்துப் பேசிப் பாருங்கள்.

போன் கதிர் மிஷின் வழியாகக் கூடுதலாகத் தலைக்குள் போகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மிஷின் ஒலியைத்தான் பெருக்கும், கதிரை அல்ல. நிஜத் தொல்லை இரைச்சல். 2ஜி அழைப்பில் போன் விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்பும், அது மிஷினில் ‘ர்ர்ர்’ என்று கேட்கும். 4ஜி அழைப்பில் இது ரொம்பக் குறைவு. போன் பெட்டியில் எம்3, எம்4 என்றிருந்தால் இரைச்சல் குறைவு. டி3, டி4 என்றால் டெலிகாயிலுக்கு ஒத்துவரும். பழைய அமெரிக்க அளவுகோல் அது, இங்கே விற்கும் பெட்டிகளில் தேடினாலும் பெரும்பாலும் இருக்காது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது கரண்ட். சார்ஜ் மிஷின் முழுசாக ஏறச் சில மணி நேரம் வேண்டும், ஏறினால் ஒரு நாள் ஓடும். இங்கே முறை வைத்து வரும் கரண்ட், பல நாள் அந்த முறைக்கும் வருவதில்லை. நடு ராத்திரியில் வந்தால் தண்ணி மோட்டார், ரைஸ் குக்கர், போன், இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த ராத்திரி மிஷினைச் சொருக மறந்துவிட்டால் மறுநாள் முழுக்க அப்பாவுக்கு எதுவும் கேட்காது. பவர் பேங்க் இருக்கிறதே என்பார்கள். அதற்கும் கரண்ட்தானே வேண்டும். சில வருஷத்தில் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி தளர்ந்தால் பெரும்பாலும் கம்பெனிக்கே அனுப்பி மாற்ற வேண்டும், அப்பாவின் கையால் ஆகிற வேலை இல்லை.

பட்டன் பேட்டரி அப்படியில்லை. 13ஆம் நம்பருக்கு எந்தக் கம்பெனியானாலும் ஆரஞ்சு ஒட்டுதான், நிறத்தைச் சொன்னாலே கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஒட்டை உரித்து, காற்று உள்ளே போக ஓரிரண்டு நிமிஷம் விட்டுப் போட்டால் ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். உரித்துவிட்டால் மறுபடி ஒட்டினாலும் சேமிக்க முடியாது. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் சீக்கிரம் போகும், அதனால் ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து வைக்கிறோம். முக்கியமாக, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடக்கூடாது. விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

டெலிகாயிலில் பேச ஒரு பழக்கம் வேண்டும். போனின் மேல் முனையைக் காதுத் துளைக்கு வைக்காமல் பின்னால் மிஷின் மேல் வைத்து, குரல் பலமாகக் கேட்கும் இடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். மிஷினை ‘டி’யில், அதாவது டெலிகாயில் நிலையில், போட்டால் வெளி மைக் அணைந்துவிடும், கொஞ்சடான் தெருக் காளி கோயிலில் மேளம் முழங்கும்போதும் போன் குரல் தனியாகக் கேட்கிறது. இயர்போன் ஓட்டை உள்ள போனாக இருந்தால் கழுத்தில் மாட்டும் வளையக் கம்பி ஒன்று சொருகலாம். சாதா வளையத்துக்குச் சார்ஜே வேண்டாம், இரண்டு மிஷினிலும் கேட்கும், போனும் தலையை விட்டுத் தள்ளி இருக்கும்.

நான் சொல்வதெல்லாம் அப்பாவின் காதையும் எங்கள் வீட்டுக் கரண்டையும் வைத்துத்தான். சோலார் உள்ள வீட்டில், நாள் முழுக்கப் போனில் வேலை பார்க்கும் சின்ன வயசுக்காரருக்குப் புளூடூத் ஒத்துவரலாம், அவருக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டெலிகாயில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பல மிஷின்களில் ‘டி’ நிரல் அணைந்தபடிதான் வரும். மிஷினைக் காதுக்குப் பொருத்துகிறவரிடம் அதைத் திறந்து தரச் சொல்லி, அங்கேயே ஒரு போன் பேசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.