தலை நிமிர்ந்து ஓட எந்தப் பாதை? அரிசோனா கள்ளிக்காட்டு டிரெயில்கள், ஓர் ஒப்பீடு

ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் குடிவந்து ஓட ஆரம்பித்திருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வார இறுதியில் கள்ளியையும் மலையையும் பார்த்துக்கொண்டே ஓட எந்த டிரெயில் நல்லது? பலர் கேமல்பேக் மலையில் தொடங்கிவிடுகிறார்கள். ஊர் நடுவே இருக்கிறது, 2,704 அடி உயரம், ஃபீனிக்ஸ் என்றாலே புகைப்படங்களில் வருவது அதுதான். ஆனால் அது கையை ஊன்றி ஏற வேண்டிய பாறை, ஓடுவதற்கான இடம் இல்லை. அதை இங்கே சேர்க்கவில்லை.

மற்ற பாதைகளை நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: ஓடும்போது தலையை நிமிர்த்த முடிகிறதா? கல்லில் கால் இடறிவிடுமோ என்று தரையையே பார்த்துக்கொண்டு ஓடினால், பக்கத்தில் நாற்பது அடி உயரத்தில் நிற்கும் சஹுவாரோ கள்ளிகூடக் கண்ணில் படாது. சஹுவாரோ இயற்கையாக வளர்வது இந்த சொனோரன் பாலைவனத்தில் மட்டும்தான். அதைப் பார்க்காமல் ஓடுவதற்கு வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கால்வாய்க் கரையே போதும்.

முதலில் சௌத் மவுன்டன். 16,000 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் நகரப் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது, சாண்ட்லரிலிருந்து மிகவும் பக்கம். இதில் இரண்டு பாதைகள் பிரபலம். நேஷனல் டிரெயில் மலையின் முதுகிலேயே ஏறக்குறைய 15 மைல் (24 கிலோமீட்டர்) போகிறது, நீளமாக ஓடிப் பழக நல்ல பாதை, ஆனால் முக்கால்வாசி உடைந்த கல்லும் படிபடியாக இறங்கும் பாறையும்தான், ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்க வேண்டும். ஹோஹோகம் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் பாறையில் கொத்திய உருவங்கள் இந்த மலையில் நிறைய உண்டு. நான் ஆறு மாதம் இங்கே ஓடியும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் பின்னால் வந்த நண்பருக்காக நின்றபோதுதான் தோளுயரத்தில் ஒரு சுருள் வடிவம் தெரிந்தது, அத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன்.

நேஷனல் டிரெயிலைப் போலவே பீமா கேன்யனில் தொடங்கும் டெஸர்ட் கிளாசிக் டிரெயில் வேறு மாதிரி. மலையடிவாரத்தில் அலையலையாக ஏறி இறங்கி, வறண்ட ஓடைகளைக் கடந்து ஒரு பக்கத்துக்கு 9 மைல் போகிறது. கால் சீராக விழும், வேகம் பிடிக்கலாம். குறை என்னவென்றால், மேற்கே ஓடும்போது வலது பக்கம் மலை, இடது பக்கம் அவாடூக்கி குடியிருப்பு வீடுகளின் ஓட்டுக்கூரை. பாதி காட்சிதான் பாலைவனம். மலைச் சைக்கிள்காரர்களும் அதிகம். ஆனாலும் வேலைநாள் காலையில் ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் எனக்கு இதுதான்.

ஸ்காட்ஸ்டேலின் வடக்கே மெக்டவல் சொனோரன் பிரிசர்வ் என்ற பாதுகாக்கப்பட்ட பாலைநிலம். 30,000 ஏக்கருக்கு மேல், 200 மைலுக்கு மேல் பாதைகள், இதுவும் இலவசம். அதில் பிரவுன்ஸ் ராஞ்ச் பகுதி புதிதாக ஓடுகிறவர்களுக்கு மிகவும் ஏற்றது. கிரானைட் சிதைந்து உண்டான பொடிமணல் தரை, முட்டிக்கு இதமானது, ஏற்றமும் குறைவு. சந்திப்புகளில் பலகை வைத்திருப்பதால் வழி தவறுவதும் கடினம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் நிற்கும் உருண்டைப் பாறைகள் அழகு. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் கூட்டம்.

இனி எனக்குப் பிடித்த பெம்பர்ட்டன் டிரெயில். மெக்டவல் மலைக்குக் கிழக்கே, மெக்டவல் மவுன்டன் ரீஜனல் பார்க் என்ற மாவட்டப் பூங்காவில் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இதையும் ஸ்காட்ஸ்டேல் பிரிசர்வையும் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு, இங்கே வண்டிக்குக் கட்டணம் உண்டு. ஒரே வட்டமாக 15 மைலுக்குச் சற்று அதிகம், பெரும்பாலும் கெட்டி மண், இடையிடையே மணல் நிறைந்த ஓடைகள். செங்குத்தான ஏற்றம் எதுவும் இல்லை, ஆனால் பாதி வட்டம் தெரியாமலே மேலே ஏறிக்கொண்டிருக்கும், மறுபாதி தெரியாமலே இறக்கும். அந்த இறக்கத்தில் தலையைத் தூக்கினால் கிழக்கே ஃபோர் பீக்ஸின் நான்கு முகடுகள், தென்கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடர். ஜனவரியில் சில நாட்கள் ஃபோர் பீக்ஸ் உச்சியில் பனி படிந்திருக்கும், நீங்களோ அரைக்கைச் சட்டையில் கள்ளிக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஹாவலீனா ஹன்ட்ரட் என்ற 100 மைல் ஓட்டப்பந்தயம் 2003 முதல் இந்தப் பூங்காவில்தான் நடக்கிறது, இப்போது அக்டோபர் கடைசியில். இந்தத் தரையில் நீண்ட நேரம் ஓட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். 1995 ஜூலையில் மின்னலால் மூண்ட ரியோ காட்டுத்தீ இந்தப் பூங்காவின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. சொனோரன் பாலைவனச் செடிகள் தீயோடு பழகி வளர்ந்தவை அல்ல. சஹுவாரோ முதல் எட்டு ஆண்டுகளில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் வளரும், கிளை விடவே ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால் எரிந்த இடத்தில் கைவிரித்து நிற்கும் கள்ளியை நம் பேரப்பிள்ளைகள்தான் பார்ப்பார்கள். பெம்பர்ட்டனில் சில மைல்களுக்குப் பெரிய கள்ளிகளே இல்லாமல் வெறும் புதராகக் கிடப்பதற்குக் காரணம் அதுதான். தெரிந்து ஓடினால் அந்த வெறுமையும் மனத்தில் தைக்கிறது.

எந்தப் பாதைக்குப் போனாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு சீப்பு, தலை வாரும் சாதாரண பிளாஸ்டிக் சீப்பு. சோய்யா என்றொரு கள்ளி இருக்கிறது, தூரத்தில் பார்த்தால் பஞ்சு போர்த்தியதுபோல வெயிலில் மினுங்கும். அதன் உருண்டைக் கணுக்கள் லேசாகப் பட்டாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். சைக்கிள்காரருக்கு வழிவிட ஒதுங்கியபோது ஒன்று என் கெண்டைக்காலில் ஒட்டியது. பதற்றத்தில் கையால் பிடுங்கினேன், அது விரலுக்கு மாறியது. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிச் செதில்கள் இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே இழுக்கும்போது தோலும் கூடவே எழும்பி வரும். நடந்துவந்த ஒரு பெரியவர் பையிலிருந்து சீப்பை எடுத்து, தோலுக்கும் உருண்டைக்கும் இடையில் செருகி ஒரே வீச்சில் தட்டிவிட்டார். மிச்ச முட்களை இடுக்கியால்தான் எடுக்க வேண்டியிருந்தது. நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் உறவுகளும் இங்கே வழியெங்கும் உண்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் அது நம் பக்கம் வந்தது. ஆனால் அதோடு பழகிய அனுபவம் சோய்யாவிடம் உதவாது.

டூசான் தனி உலகம். சஹுவாரோ தேசியப் பூங்கா நகரத்துக்குக் கிழக்கே ஒரு பாதியும் மேற்கே ஒரு பாதியுமாக இருக்கிறது. 1933இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டு, 1994இல் தேசியப் பூங்கா ஆனது. கள்ளி அடர்த்தி என்று பார்த்தால் மேற்குதான் முந்தும், குன்றுச் சரிவு முழுக்கக் கூட்டம் கூடி நிற்பதுபோல இருக்கும். ஆனால் ஓட்டத்துக்கு? வாசன் பீக் (4,687 அடி) ஏறும் ஹ்யூ நோரிஸ் பாதை கற்படிகளும் திருப்பங்களுமாக இருப்பதால் பெரும்பாலும் நடைதான். கீழே இருக்கும் பஜாடா சரளைச் சாலையில் ஓடலாம், ஆனால் கார் போனால் புழுதியை விழுங்க வேண்டும்.

கிழக்குப் பக்கம் எனக்கு மேல். கேக்டஸ் ஃபாரஸ்ட் லூப் என்ற 8 மைல் தார்ச்சாலை கள்ளிக்காட்டைச் சுற்றிவருகிறது, தரையைப் பார்க்கவே வேண்டாம், பின்னால் ரின்கான் மலை 8,600 அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. தார் பிடிக்காதவர்கள் அந்த வட்டத்தைக் குறுக்கே வெட்டிப்போகும் மண்பாதையில் இறங்கலாம். மழைக்குப் பின் போனால் சஹுவாரோவின் உடம்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வறட்சியில் பாவாடை மடிப்புபோல ஒடுங்கியிருந்த வரிகள் தண்ணீரைக் குடித்து விரிந்திருக்கும். பாலோ வெர்டே மரத்தடியில் குனிந்து பார்த்தால், கட்டைவிரல் அளவில் ஒரு குட்டி சஹுவாரோ நிழலில் ஒண்டியிருப்பதும் தெரியலாம்.

வெயிலைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஓடிப் பழகியவர்களுக்கு வியர்வைதான் எச்சரிக்கை, சட்டை பிழியும் அளவு நனைந்தால் நின்றுவிடுவோம். இங்கே சட்டை நனைவதே இல்லை. வியர்வை அந்தந்த நொடியே காய்ந்து தோலில் உப்பு மட்டும் நறநறக்கும், உடம்பில் நீர் இறங்குவது தெரியாமலே தலை கிறுகிறுக்கும். 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட் (43 செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் அடித்தது. கடும் வெப்ப எச்சரிக்கை இருக்கும் நாட்களில் கேமல்பேக் போன்ற பாதைகளைப் பகலில் மூடியே விடுகிறார்கள். நல்லவேளையாக அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஜூனில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். அதற்கு முன்பே முதல் மைலை முடித்துவிடுங்கள். விடியாத நேரத்தில் தலைவிளக்கு கட்டாயம், கோடையில் வாலைக் கிலுகிலுக்கும் விஷப்பாம்புகளான ராட்டில் பாம்புகள் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். ஜூலை, ஆகஸ்ட் பருவமழையில் தூரத்தில் இடி கேட்டால் ஓடைக்குள் இறங்கவே கூடாது, உங்கள் தலைமேல் வானம் வெளுத்திருந்தாலும் மலையில் பெய்த வெள்ளம் வந்து சேரும்.

ஆக, கோடைக்கும் வேலைநாளுக்கும் டெஸர்ட் கிளாசிக். புதிதாகத் தொடங்குகிறவர்களும் முட்டி வலி உள்ளவர்களும் பிரவுன்ஸ் ராஞ்ச். நவம்பர் முதல் மார்ச் வரை நீண்ட ஓட்டத்துக்கு, வேறு யோசனையே வேண்டாம், பெம்பர்ட்டன். நேஷனல் டிரெயிலுக்கு கால் நன்றாகத் தேறியபிறகு போங்கள், போகும்போது அங்கங்கே நின்று பாறைகளையும் பாருங்கள்.

மே கடைசி வாரத்துக்கு மட்டும் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி டூசான் கிழக்குப் பூங்காவுக்குப் போய்விடுவேன். சஹுவாரோ பூக்கும் காலம் அது. வெள்ளைப் பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிவிடும், ஒரு பூவுக்கு ஒரே நாள்தான். இரவில் வௌவால், விடிந்ததும் புறாவும் தேனீயும். ஆறு மணிக்கு அந்தச் சாலையில் முதல் ஏற்றத்தில் ஓடும்போது, கள்ளிகளின் உச்சியில் பூக்கிரீடமும் அதில் தலையை உள்ளே விட்டிருக்கும் புறாக்களும் தெரியும்.