விரிதாளில் ஜிஎஸ்டி: மூன்றாம் எண் பில் மார்ச் மாதமான கதை

திருத்துறைப்பூண்டியில் உரக்கடை தொடங்கப்போகும் என் மைத்துனர் கேட்டார்: "அத்தான், ஜிஎஸ்டிக்குத் தனி மென்பொருள் வாங்கட்டுமா, உங்களைப் போல விரிதாளிலேயே ஓட்டிவிடலாமா?" போனில் ஒரு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது.

மன்னார்குடியில் எங்கள் கடை உரமும் பூச்சிமருந்தும் விற்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கணக்கெல்லாம் எக்செல் போன்ற விரிதாளில்தான். மாதம் முடிந்ததும் அதை ஜிஎஸ்டி தளத்தின் இலவச ஆஃப்லைன் கருவியில் ஏற்றினால் தளம் படிக்கிற ஜேசான் கோப்பாக மாற்றித் தரும்; அதைத் தளத்தில் ஏற்றினால் மாத விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1 தயார். கெடு மாதந்தோறும் 11ஆம் தேதி. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பதால், குறுவைக்கு உரம் கேட்டு வருகிறவர்களும் கெடுவும் ஒன்றாகத்தான் கழுத்தை நெரிக்கும்.

இருந்தும் விரிதாள் கைவிட்டதில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறின. வேம்பு சார்ந்த உயிரிப் பூச்சிக்கொல்லிகள் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின. இரசாயன மருந்துகள் 18லேயே நின்றன. கடையில் சம்பாவுக்குக் கூட்டம். பக்கத்துக் கடைக்காரர் தம் மென்பொருளின் புதுப்பிப்புக்காகக் காத்திருந்தபோது, நான் விகிதப் பட்டியலில் தேதியோடு ஒரு வரியைச் சேர்த்துவிட்டு பில் போட ஆரம்பித்துவிட்டேன். கொள்முதல் பக்கமும் சுகம்தான். நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களைத் தொகுத்து 14ஆம் தேதி தளத்தில் வரும் 2பி அறிக்கையை நம் பட்டியலோடு ஒப்பிட்டால், மொத்த வியாபாரி ஏற்றாமல் விட்ட பில் சிவப்பு நிறத்தில் பல்லிளிக்கும். உடனே போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

இனி என் வயிற்றெரிச்சல். எங்கள் பில் எண்கள் 1/25, 2/25 என்று ஓடும். வரிசை எண், சாய்கோடு, நிதியாண்டு. அப்பா காலத்துப் பழக்கம். விரிதாளில் 3/25 என்று அடித்து எண்டர் தட்டிய மறுகணம் அது 'மார்ச்-25' ஆகிவிடும். யார் கேட்டார்கள்? பன்னிரண்டுக்கு மேல் மாதம் இல்லாததால் 13/25 தப்பித்துவிடும். ஆக, ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் பன்னிரண்டு பில்களுக்கு மட்டும் இந்தச் சனி. சரி, கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றலாம் என்றால் 3/25 திரும்பி வராது. 45717 என்று ஓர் எண் வந்து உட்காரும். 1900ஆம் ஆண்டிலிருந்து எண்ணிய நாட்கணக்காம்!

இன்னும் கொடுமை, இது பிழையாகவே தெரியாது. பில் எண்ணில் 16 எழுத்துகள் வரை எழுத்தும் எண்ணும் சிறுகோடும் சாய்கோடும் இருக்கலாம் என்பது விதி. எனவே 'மார்ச்-25' சட்டப்படி சுத்தமான பில் எண். கருவி முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்கிறது. விவசாயிகளுக்கு விற்பது விகிதவாரியாகத் தொகையாகப் போவதால் அங்கே கவலையில்லை. மாட்டிக்கொள்வது எங்களிடம் வாங்கி விற்கும் நீடாமங்கலம், வலங்கைமான் கடைக்காரர்கள்தான். அவர்களின் 2பியில் மார்ச் மாதம் ஒரு பில்லாக நிற்கும். அவர்களுடைய கணக்கர், எங்களிடம் வாங்கியபோது கட்டிய வரிக்கான கழிவை நிறுத்திவைப்பார், ஏச்சு எனக்கு வரும். வரி கட்டும் மாத அறிக்கையான 3பியைத் தாக்கல் செய்வதற்கு முன்பென்றால், திருத்தத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1ஏவில் திருத்தலாம்; தவறினால் அடுத்த மாதத்தில்தான்.

விரிதாளுக்கு இது பழைய புத்திதான். விஞ்ஞானிகளே தோற்றிருக்கிறார்கள்: மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் 'மார்ச்1' என்ற மரபணுவை 'மார்ச்எஃப்1' என்று மாற்றியது. அன்று மாறியது மரபணுவின் பெயர்தான், விரிதாள் அல்ல.

தட்டச்சுக்கு முன்பே பில் எண்ணுக்கான நெடுவரிசையை எழுத்து வடிவத்தில் வைத்துவிட்டால் 3/25 அப்படியே நிற்கும். ஆனால் அதே பட்டியலை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் சிஎஸ்வி கோப்பை ஒருமுறை இருசொடுக்கில் திறந்து சேமித்தால் போதும், பன்னிரண்டும் மறுபடி மாதங்களாகிவிடும்.

மைத்துனருக்கு என் பதில்: மென்பொருளே வாங்குங்கள். நான் மாறப்போவதில்லை. எண்ணுக்கு முன்னால் கடையின் முதலெழுத்தைச் சேர்த்தால் தொல்லை ஒழியும் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். புது வருடத்துக்கான பில் புத்தகங்கள் அச்சகத்திலிருந்து வந்தாகிவிட்டன என்கிறார்.